வலது காதுக்குப் பின்னால்

ஜூன் 14, புதன்

டாக்டர் ஹரிகுமார் சொன்னதால் இந்த நோட்டைத் தொடங்குகிறேன். மகள் அபிஷாவுக்கு எந்த நாள் தலை வலித்தது, எவ்வளவு நேரம் வலித்தது, வாந்தி உண்டா, தூக்கம் எப்படி என்று எழுதி வைக்க வேண்டும். செப்டம்பர் 6 அன்று திருவனந்தபுரத்தில் அடுத்த பரிசோதனை. அப்போது காட்ட வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. தலைக்குள் தேங்குகிற நீரை வயிற்றுக்கு இறக்கிவிட ஒரு குழாய். வலது காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் ஒரு வால்வு. தொட்டால் புளியங்கொட்டை அளவுக்குத் தட்டுப்படும். எவ்வளவு நீர் இறங்க வேண்டும் என்பதற்கு அதில் எண் உண்டு. அபிஷாவுக்கு மூன்றில் வைத்திருக்கிறார். தலையைத் திறக்காமலே, வெளியிலிருந்து ஒரு காந்தக் கருவியை வைத்து எண்ணை மாற்றலாமாம்.

கிளம்பும்போது பழையபடி எச்சரிக்கை. காந்தம் உள்ள எதுவும் வலது பக்கம் போகக் கூடாது, போனை இடது காதில்தான் வைக்க வேண்டும். பதினெட்டு வருஷமாக மார்த்தாண்டத்தில் போன் கடை வைத்திருப்பவனிடம் போனைப் பற்றிச் சொல்கிறார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

இன்று தலைவலி இல்லை.

ஜூன் 23, வெள்ளி

வலி இல்லை. நல்ல தூக்கம். பன்னிரண்டாம் வகுப்புப் பாடப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொடுத்தேன்.

ஜூலை 1, சனி

வலி இல்லை.

கடையில் ஒரு டீச்சர், போன் வாங்குவதற்கு முன்னால் அரை மணி நேரம் கேள்வி கேட்டார். கதிர்வீச்சு மூளைக்குப் போகுமா, தலையணைக்குப் பக்கத்தில் வைத்தால் புற்றுநோய் வருமா. ஒரு நாளைக்கு நாலு பேராவது இதைக் கேட்கிறார்கள். நான் வழக்கம்போல நட்சத்திரம், ஹாஷ், சைபர், ஏழு, ஹாஷ் என்று அழுத்தி, திரையில் வருகிற கதிர்வீச்சு எண்ணைக் காட்டினேன். "டீச்சர், அரசாங்கம் ஒண்ணு புள்ளி ஆறு வரைக்கும் சம்மதிச்சிருக்கு. இதுல ஒண்ணுகூட இல்ல. உச்சி வெயில்ல நிக்கதவிட இது ஒண்ணும் பெரிசில்ல கேட்டியளா." வாங்கிக்கொண்டு போனார். பயந்தவர்களைத் தெளியவைத்து அனுப்புவதும் இந்தத் தொழிலில் பாதி வேலை.

ஜூலை 9, ஞாயிறு

அபிஷாவுக்கு இன்று பதினேழு வயது. பிள்ளை பிழைத்து வந்தபின் வருகிற முதல் பிறந்தநாள். காதை முழுதாக மூடுகிற பெரிய ஹெட்போன் ஒன்றும், பின்னால் வட்டமாகக் காந்தம் பதித்த போன் உறையும் கொடுத்தேன். இரண்டும் கடைக்கு வந்த புதுச் சரக்கில் நானே பார்த்து எடுத்தது. "அப்பா, இத மாட்டினா கோயில் மைக் சத்தம்கூட கேக்கல," என்றாள். இரவு எட்டு மணிக்கு விஜிலா குவைத்திலிருந்து வீடியோவில் கூப்பிட்டபோதும் கழற்றவில்லை.

என் மனைவி விஜிலா அங்கே நர்ஸ். ஆபரேஷனுக்கு வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனாள். எதைப் பார்த்தாலும் அவளுக்கு நர்ஸ் கண்.

"பிள்ளைக்க தலையில என்னது அது?"

"ஹெட்போன். பொறந்தநாளுக்கு."

"அதுல காந்தம் உண்டுல்லா? டாக்டர்ட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். கொழப்பமில்லைன்னாரு."

நேராகக் கேட்கவில்லை. ஆனால் டாக்டர் பயப்படுவது போன் கதிர்வீச்சை. ஹெட்போன் வைத்தால் போன் தலையைவிட்டுத் தள்ளித்தானே இருக்கிறது. அந்த வகையில் இது பாதுகாப்புதான்.

வலி இல்லை.

ஜூலை 19, புதன்

காலையில் லேசான தலைவலி. பள்ளிக்குப் போகும்போது சரியாகிவிட்டது.

ஜூலை 21, வெள்ளி

காலையில் வலி, ஒரு மணி நேரம்.

ஜூலை 25, செவ்வாய்

காலையில் வலி. இயற்பியல் தேர்வு இன்று. போகவில்லை. மத்தியானம் நான் சாப்பிட வந்தபோது கட்டிலில் படுத்து ஹெட்போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் போட்டேன்.

"பரீட்சைன்னா தலவலி. பாட்டு கேக்க மட்டும் வலிக்காதோ?"

"படுத்தாதான் வலிக்கிப்பா. எந்திச்சு இருந்தா செத்த கொறையுது."

"அப்ப எந்திச்சு இருந்து படி."

எழுந்து உட்கார்ந்து படித்தாள். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வருஷத்துப் பாதியை ஆஸ்பத்திரியில் தொலைத்த பிள்ளை. இந்த வருஷத்தையும் கைவிட முடியாது.

ஜூலை 30, ஞாயிறு

வலி இல்லை. பகலில் மூன்று மணி நேரம் தூங்கினாள்.

ஆகஸ்ட் 5, சனி

காலையில் வலி, ஒரு வாந்தி. முந்தின நாள் பள்ளிக்கு வெளியே சாப்பிட்ட பானிபூரியாக இருக்கும்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்றாள். கண் டாக்டரிடம் கொண்டுபோனேன். பவர் கொஞ்சம் கூடியிருக்கிறது என்று கண்ணாடி எழுதிக்கொடுத்தார். மண்டையில் வால்வு இருப்பதை அவரிடம் சொன்னேனா என்று விஜிலா கேட்டாள். சொன்னேன் என்றேன். சொல்ல நினைத்திருந்தேன்; வெளியே இருபது பேர் வரிசையில் இருந்தார்கள்.

தலைவலிக்குக் காரணம் கண்தான். இனி சரியாகும்.

ஆகஸ்ட் 16, புதன்

புதுக் கண்ணாடி வந்தது. காலையில் வலி, இரண்டு மணி நேரம்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

வலி. வாந்தி. பள்ளியிலிருந்து கூப்பிட்டு வகுப்பில் தூங்குகிறாள் என்றார்கள். ராத்திரி யாரிடமாவது பேசிக்கொண்டிருக்கிறாளோ என்று அவள் போனை எடுத்துப் பார்த்தேன். அம்மாவோடு பேசியது, வகுப்புத் தோழி ஒருத்தி அனுப்பிய வேதியியல் குறிப்புகள். வேறொன்றும் இல்லை. நான் பார்ப்பதை அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். 

ஆகஸ்ட் 22, செவ்வாய்

விஜிலா இன்று என்னிடம் பேசுவதற்கு முன் அபிஷாவிடம் அரை மணி நேரம் பேசினாள். பிறகு என்னிடம்: "எனக்கு மனசு சரியில்ல. காலத்த எந்திச்சதும் வலி, வாந்தி, தூக்கம். இது மூணும் ஆபரேஷனுக்கு முன்ன உண்டாயிருந்ததுதான். செப்டம்பர் வரைக்கும் நிக்க வேண்டாம். நாளைக்கே கொண்டு போங்க."

"ஓணம் வருதுல்லா, டாக்டர் லீவு. ரெண்டு வாரம்தானே."

"டியூட்டி டாக்டர் இருப்பாங்க."

"பாக்கேன்."

பார்க்கிறேன் என்றுதான் சொன்னேன். கடையில் ஓண விற்பனை. வருஷத்தில் நாலு நல்ல நாள் இதுதான்.

ஆகஸ்ட் 24, வியாழன்

காலையில் அபிஷாவின் படுக்கையை மடித்தபோது ஹெட்போனும் கிடந்தது. அதன் வலது காது மெத்தையின் உள்பக்கம் அவள் முடியில் குத்துகிற கறுப்பு ஸ்லைடு ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றது. எடுத்தேன். விட்டேன். மறுபடி ஒட்டிக்கொண்டது.

கடைக்குக் கொண்டுபோனேன். பதினோரு மணிக்கு ஆள் இல்லாத நேரத்தில் மேசைமேல் ஸ்கேல் வைத்து, ஸ்லைடை ஒரு முனையில் வைத்து ஹெட்போனை மெல்ல நகர்த்திப் பார்த்தேன். இரண்டு சென்டிமீட்டரில் ஸ்லைடு துள்ளி வந்து ஒட்டியது. அந்தப் போன் உறைக்கும் ஏறக்குறைய அதே தூரம். இதேபோல ஆறு உறைகளையும் நாலு ஹெட்போனையும் பார்த்தேன். எல்லாம் அப்படித்தான், கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய. இத்தனை வருஷமாக அலை, கதிர் என்று எல்லாருக்கும் விளக்கம் சொல்லியிருக்கிறேன். காந்தத்தை எண்ணியதே இல்லை. ஸ்பீக்கர் இருந்தால் காந்தம் இருக்கும் என்பது எனக்குத் தெரியாததா?

காது மெத்தை அழுந்துகிற இடம் சரியாக அந்த வால்வுக்கு மேல். நடுவில் இருப்பது தோல் மட்டும். ஒரு நாளில் நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம்.

ஹெட்போனையும் உறையையும் கடை மேசைக்குள் போட்டுப் பூட்டினேன். வீட்டில், வயர் விட்டுப்போயிருக்கிறது, சரிசெய்யக் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னேன். அவள், "சரிப்பா," என்றாள். அதைத் தேடக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை.

காந்தம் போய்விட்டது. இரண்டு நாளில் தெளிந்துவிடும். இதைச் சொல்லி விஜிலாவைப் பதறவைக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

வலி. வாந்தி இரண்டு.

ஆகஸ்ட் 26, சனி

வலி குறையவில்லை. எல்லாம் ரெண்டு ரெண்டாகத் தெரிகிறது என்றாள். கண்ணாடியைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். "கழத்தினாலும் ரெண்டுதாம்ப்பா." இரவுச் சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டாள்.

காந்தத்தை எடுத்து இரண்டு நாள் ஆகிவிட்டது. பிறகு ஏன்?

நாளை காலை திருவனந்தபுரம் போக வேண்டும்.

ஆகஸ்ட் 28, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கூப்பிட்டேன், எழவில்லை. உலுக்கினேன். கண்ணைத் திறந்தாள், மூடினாள். வலது கருவிழி மூக்குப் பக்கமாக ஒதுங்கி நின்றது. படுத்தபடியே வாந்தி எடுத்தாள். ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம். வழியில் பாலராமபுரத்தில் ஓணத்துக்குத் துணி வாங்க வந்த கூட்டம், ரோடு முழுக்கக் கார். சைரன் அலறுகிறது, வழி கிடைக்கவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மக்களே, பேசு மக்களே," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு தடவை, "அம்மா வந்தாச்சா?" என்று கேட்டாள். பிறகு பேசவில்லை.

டாக்டர் ஹரிகுமார் லீவு. ரேஷ்மா என்ற சின்ன வயது டாக்டர் பார்த்தார். உடனே ஸ்கேன். மூளைக்குள் நீர் நிறைந்திருக்கிறது, குழாய் அடைத்திருக்கலாம், உடனே ஆபரேஷன் செய்து மாற்ற வேண்டும் என்றார். மலையாளமும் தமிழும் கலந்து வேகவேகமாகக் கேட்டார்.

"விழுந்தாளா?"

"இல்ல."

"காய்ச்சல்?"

"இல்ல."

"எம்.ஆர்.ஐ. எடுத்தீங்களா, காந்தம் ஏதாவது பக்கத்துல வந்ததா?"

"இல்ல டாக்டர்."

எம்.ஆர்.ஐ. எடுக்கவில்லை என்பது உண்மைதான். நான் அந்தப் பாதிக்குத்தான் பதில் சொன்னேன். அப்படித்தான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காகிதம் நீட்டினார்கள். மயக்க மருந்தில் ஆபத்து, நோய்த்தொற்று, ரத்தக்கசிவு, உயிருக்கு ஆபத்து என்று வரிசையாக எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டேன். ஒரு நர்ஸ் முடி மழிக்கிற மெஷினோடு வந்து அபிஷாவின் தலையை இடதுபக்கம் திருப்பினார். டிசம்பரில் மழித்த இடத்தில் இப்போதுதான் காதை மறைக்கிற அளவுக்கு முடி வளர்ந்திருந்தது. மெஷின் சத்தம் கேட்டதும் அவள் கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கி, அந்த முடியைப் பொத்திக்கொண்டாள். அரை மயக்கத்தில். நர்ஸ் கையை விலக்கினார். அவள் மறுபடியும் பொத்தினாள்.

நான் வெளியே ஓடினேன். டாக்டர் ரேஷ்மா ஆபரேஷன் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், காந்தம் உண்டு."

"என்ன?"

"ஹெட்போன். போன் கவர். ரெண்டுலயும் காந்தம். நாந்தான் வாங்கிக்குடுத்தேன். வால்வுக்கு மேலயே வச்சிருந்தா."

"எப்ப முதல்?"

"ஜூலை ஒம்பதாம் தேதி."

ஒரு விநாடி என்னைப் பார்த்தார்.  உள்ளே திரும்பி, "ஷேவ் செய்யாதே. ஸ்கல் எக்ஸ்ரே, இப்போ," என்று மலையாளத்தில் சத்தமாகச் சொன்னார்.

எக்ஸ்ரேயை விளக்கில் வைத்துக் காட்டினார். வால்வுக்குள் கடிகார முள் மாதிரி ஒரு சின்னக் கோடு. "மூணுல வெச்சது. இப்ப எட்டுல நிக்குது. எட்டுன்னா ஏறக்குறைய மூடின மாதிரி."

"மூணு நாள் முன்ன ரெண்டையும் எடுத்துட்டேன் டாக்டர்."

"எடுத்தா முள் தானா திரும்பாது. திருப்பின எடத்துலயே நிக்கும்."

ஒரு வட்டமான கருவியைக் காதுக்குப் பின்னால் வைத்துத் திருப்பினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மறுபடி எக்ஸ்ரே. மூன்று. "ரெண்டு மணி நேரம் பாப்போம். தெளியலன்னா ஆபரேஷன்தான். தியேட்டர் ரெடியா இருக்கட்டும்," என்றார்.

அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி எழுத என்னால் ஆகாது. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நர்ஸ் வந்து கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். மூன்றாம் தடவை அபிஷா முகத்தைச் சுளித்தாள். ஐந்தாம் தடவை, "லைட்ட மாத்துங்க," என்றாள். மத்தியானம் இரண்டு மணிக்குத் தண்ணீர் கேட்டாள்.

ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

வலி இல்லை. இட்லி மூன்று சாப்பிட்டாள். வார்டில் நர்ஸுகள் ஓணப் பாயசம் கொடுத்தார்கள்.

அவளிடம் சொல்லிவிட்டேன், ஹெட்போனைப் பற்றி. 

"ஹெட்போன் உங்களுக்குத் தெரியாதுப்பா. அது போகட்டும். தல வலிக்குதுன்னு நான் சொன்னப்ப எல்லாம் நீங்க நம்பல."

 தெரியாது என்பதும் முழு உண்மை இல்லை. அதையும் சொன்னேன். டாக்டர் ஜூனிலேயே சொன்னார் என்று. அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 31, வியாழன்

கண் பரிசோதனை. மாறுகண் சரியாகி வருகிறது. ஆனால் வலது கண்ணின் ஓரப் பார்வை கொஞ்சம் குறைந்திருக்கிறது. பின்னாலிருக்கிற நரம்பு அத்தனை நாள் அழுத்தத்தில் இருந்திருக்கிறது. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். ஆறு மாதம் பார்க்க வேண்டுமாம்.

விஜிலாவிடம், குழாயில் சின்ன அடைப்பு, சரிசெய்துவிட்டார்கள் என்று ஞாயிறே சொல்லியிருந்தேன். நர்ஸிடம் சொல்கிற பொய்யா இது? இரண்டு நாளாக, "எப்படி சரி செஞ்சாங்க? தொறந்தாங்களா, தொறக்கலியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இன்று மத்தியானம் ஆஸ்பத்திரி மரத்தடியில் நின்று கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"டாக்டர்ட்ட கேட்டேன்னு சொன்னீங்களே."

"கேக்கல."

"கண் டாக்டர்ட்ட வால்வப் பத்திச் சொன்னேன்னு?"

"அதும் சொல்லல."

அவள் பக்கத்தில் ஏதோ இயந்திரம் டிக் டிக் என்று அடிக்கிற சத்தம் கேட்டது. வார்டில் நின்றிருக்கிறாள்.

"நான் இஞ்ச நின்னு ஊராருக்க பிள்ளைகளப் பாக்கேன். எனக்க பிள்ளைய உங்கள நம்பித்தான் விட்டேன்," என்றாள். குரல் உயரவில்லை. கட் செய்துவிட்டாள்.

செப்டம்பர் 2, சனி

வீடு வந்தோம். எல்லாம் பார்த்தாயிற்று, ஆறாம் தேதி வர வேண்டாம் என்றார்கள். வலி இல்லை. விஜிலா அபிஷாவிடம் மட்டும் பேசினாள்.

செப்டம்பர் 4, திங்கள்

கடை திறந்தேன். காந்த உறைகளையும் ஹெட்போன்களையும் தனியாக ஒரு பெட்டியில் எடுத்து வைத்தேன். விற்காமலும் முடியாது, ஆனால் கேட்டு வருகிறவர்களிடம் ஒரு கேள்வி கேட்பது என்று முடிவு செய்தேன். உடம்புக்குள் ஏதாவது கருவி வைத்திருக்கிறீர்களா என்று. ஒரு பையன் சிரித்தான். ஒரு அம்மா, "போன் கடையா, ஆஸ்பத்திரியா?" என்று கேட்டார்.

செப்டம்பர் 8, வெள்ளி

ரீசார்ஜ் செய்ய வந்த ஒரு பெரியவர், ரிட்டையர்டு பஸ் டிரைவர், நான் வேறொருவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது காதில் விழுந்து நின்றார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி இடது தோளுக்குக் கீழே காட்டினார். தோலுக்கு அடியில் தீப்பெட்டி மாதிரி ஒரு மேடு. இதயத்துக்கு வைத்த பேஸ்மேக்கர். அதற்கு நேர் மேலே சட்டைப் பையில் போன், காந்த உறையோடு.

"இது இருந்தா கொழப்பமா தம்பி? இடக்கி இடக்கி தல சுத்துது. வயசாச்சு, அதாக்கும்னு நெனச்சேன்."

அந்த உறையை எனக்குத் தெரியும். ஏப்ரலில் நான் விற்றது. "போன் நெஞ்சுக்கு ஆவாதுன்னு சொல்லுகாவளே," என்று அன்று அவர் கேட்டிருந்தார். நட்சத்திரம், ஹாஷ் போட்டு எண்ணைக் காட்டி அனுப்பியிருந்தேன்.

உறையை என் கையாலே கழற்றினேன். போனை வேட்டி மடிப்பில் செருகிக்கொள்ளச் சொன்னேன். தலைசுற்றல் இதனாலா வேறெதனாலா என்று எனக்குத் தெரியாது, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நாளைக்கே போங்கள் என்றேன். தெரியாது என்ற சொல் அந்த மேசைக்குப் பின்னால் நின்று என் வாயிலிருந்து வந்தது இதுதான் முதல் தடவை.

செப்டம்பர் 12, செவ்வாய்

வலி இல்லை. விஜிலாவுக்கு லீவு கிடைத்துவிட்டது. சனிக்கிழமை காலை வருகிறாள். அபிஷா சொல்லித்தான் தெரியும்.

செப்டம்பர் 16, சனி

காலை ஒன்பது மணிக்கு விமான நிலையத்தில் நின்றோம். விஜிலா இரண்டு பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். இளைத்திருந்தாள். அபிஷா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். விஜிலா அழவில்லை. மகளின் முடியை ஒதுக்கி, காதுக்குப் பின்னால் இரண்டு விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அந்தக் கூட்டத்துக்கு நடுவிலேயே அவளை நேராக நிறுத்தி, இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினாள்.

"எனக்க மூக்கப் பாரு. கண்ண அசைக்கப்பிடாது. எத்தன வெரல்?"

மகளின் வலது பக்கம் தள்ளி, கையை நீட்டி விரல்களைக் காட்டினாள்.

"ரெண்டு," என்றாள் அபிஷா.

நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். காட்டியது மூன்று.

விஜிலா கையை ஒரு சாண் உள்ளே கொண்டுவந்தாள். "இப்ப?"

"மூணு."

"ம். கொள்ளாம், பரவாயில்ல."

மகளின் கண்ணிலிருந்து கையை எடுத்து, அந்தக் கையாலேயே அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். பதினாறு நாளுக்குப் பிறகு என்னிடம் பேசினாள்.

"பெட்டிய எடுங்க."

இரண்டையும் எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். முன்னால் விஜிலா மகளின் வலது பக்கமாக மாறி, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.